மிச்சக் கன்றுகளை நட்ட சனிக்கிழமை

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ ஒரே மூச்சில் படித்து முடிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தமிழில் இவ்வளவு நீளமாக நீ எதையும் படித்துப் பல வருடம் ஆகியிருக்கும். பரவாயில்லை, ரயிலில் கொஞ்சம், சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் என்று படி. ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ "சரிமா, சரிமா" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் பேசித் தொண்டையைத் தேய்த்துக்கொண்டவளுக்கு இந்த வயதில் எழுதுவதுதான் சுலபமாக இருக்கிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நம் தேவாலயப் பங்கின் தமிழ்ச் செய்திமடலுக்கும் கொடுக்கப்போகிறேன். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்று என்னோடு பேசுகிற அம்மாக்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் ஆசிரியர்களாகவோ மருத்துவமனைத் தாதியராகவோ இருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் களைத்துப்போயிருக்கிறார்கள். என்ன சொல்வதென்று எந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். சின்ன வயதில் தூங்கியபோது கிள்ளியிருக்கிறேன். இந்தத் தடவை கிள்ள மனம் வரவில்லை. பிறகு நீயும் நானும் அப்பாவும் வெயிலில் சிராங்கூன் சாலைக் கூட்டத்துக்குள் நடந்து, தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் நாம் வழக்கமாகப் போகும் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் சோறு விழுந்த பிறகும் நீ கை வைக்கவில்லை. "மா, அடுத்த டெர்ம் மரம் நடுற புரோகிராமையும் என் தலையில போட்டுட்டாங்க. ஸ்டூடண்ட்ஸ், பேரண்ட்ஸ், வெளியில இருந்து வாலண்டியர்ஸ், எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கணுமாம். முடியலமா. ஐ'ம் டன் லா," என்று சொன்னாய். குரலை உயர்த்தாமல், பருப்பு போடச் சொல்வதுபோல் சொன்னாய். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். நீ அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு நீ உன் வீட்டுக்குத் தெம்பனிஸ் ரயிலிலும் நாங்கள் நம் வீட்டுக்குப் பூன் லே ரயிலிலும் ஏறும் வரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிரியும்போது மட்டும் என்னிடம் கேட்டாய்: "நீங்க எப்படிமா இத்தனை வருஷம் இருந்தீங்க?"

 மரம் நடுவது என்று நீ சொன்னதும் எனக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. அதில் பாதிதான் உனக்குத் தெரியும். அப்போது நீ தேசிய சேவையில் இருந்தாய். சனிக்கிழமை மதியம் ராணுவ முகாமிலிருந்து சேறும் வியர்வையுமாக வந்து சேருவாய். அப்படி ஒரு சனிக்கிழமை நானும் முழங்கால் வரை களிமண்ணோடு வந்தேன். உன் பச்சைச் சீருடையையும் என் புடவைப் பாவாடையையும் ஒரே மெஷினில் போட்டேன். "ரெண்டு பேரும் எந்தச் சண்டைக்குப் போயிட்டு வர்றீங்க?" என்று அப்பா கேட்டார். நீ சிரித்துவிட்டுத் தூங்கப் போனாய். நான் எங்கே போய்விட்டு வந்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று சொல்லியிருக்க மாட்டேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு எங்கள் தொடக்கப்பள்ளித் திடலின் ஓரத்தில் வடிகால் வேலை நடந்தது. அதற்காக அங்கிருந்த பழைய மரங்களை வெட்டினார்கள். வேலை முடிந்ததும் திடல் மொட்டையாக நின்றது. காலை அணிவகுப்பில் பிள்ளைகளின் கழுத்தில் வெயில் அடித்தது. மாணவர்களையும், சம்பளமில்லாமல் உதவ வரும் தொண்டூழியர்களையும் வைத்து மரம் நடலாம் என்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். யாரைப் பொறுப்பில் போடுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் மட்டும் தெரியாத்தனமாகத் தலையை நிமிர்த்திவிட்டேன். தமிழ் டீச்சருக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது பிடிக்காமலும் இல்லை. வந்த கன்றுகளில் புன்னையும் மகிழமும் இருந்தன. புன்னை, மகிழம் என்று பாடப்புத்தகத்தில் எத்தனையோ வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் மரத்தைக் காட்டி இதுதான் என்று சொல்ல எனக்குத் தெரியாது. பூன் லேயில் நான் தினமும் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நிழல் கொடுத்துக்கொண்டிருந்ததே புன்னைதான் என்று அந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தாலும், ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்திலேயே ஓடியது.

மரம் நடும் காலை நன்றாகத்தான் தொடங்கியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் குழுக் குழுவாக நின்றார்கள். ஒரு குழுவுக்கு ஒரு கன்று, கூட ஒரு பெரியவர். பெற்றோர் சிலர் வந்திருந்தார்கள். பக்கத்துத் தொழிற்பேட்டை அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு தொண்டூழியர்கள் வந்திருந்தார்கள். குழிகளை ஒப்பந்தக்காரர் முன்பே இயந்திரத்தால் தோண்டி வைத்திருந்தார். நாங்கள் கன்றை இறக்கி மண்ணை மூடினால் போதும். ஆனால் அந்த மண்ணை மண் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. பழைய கட்டடத்தின் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும், சிவப்பும் மஞ்சளுமான களியுமாகக் கிடந்தது. அதை உடைத்துத்தான் போட வேண்டும். பாதி வரிசை நட்டு முடிந்திருந்தது. நான் கடைசிக் குழுவுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குழந்தை கத்தியது. திரும்பிப் பார்த்தபோது ஷி மின் என்ற பெண் தரையில் கிடந்தாள். அவளுடைய வெள்ளைக் காலணியின் முனை சிவந்துகொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அந்தக் குழுவோடு இருந்த இளைஞர் கட்டி ஒன்றை மண்வெட்டியால் உடைத்துக்கொண்டிருந்தார். கன்று சாயாமல் பிடிக்க ஷி மின் ஒரு காலை முன்னே வைத்தாள். மண்வெட்டி செங்கலில் பட்டு வழுக்கி அவள் கால்மேல் இறங்கிவிட்டது. கட்டை விரல் எலும்பு முறிந்தது. அந்த இளைஞர் பாவம், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து போன பிறகு யாருக்கும் வேலை ஓடவில்லை. பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பினோம். பிற்பகலில் மழை கொட்டி, நடாத குழிகளெல்லாம் நிறைந்தன. மிச்சக் கன்றுகளைப் பிளாஸ்டிக் பையோடு கேன்டீனுக்குப் பின்னால் கொண்டுபோய் வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீ இப்போது நிற்பதும் அப்படி ஓர் இடத்தில்தான் என்று நினைக்கிறேன். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒவ்வோர் அறையிலும் உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நான் ஒரே பதிலைச் சொன்னேன். அவர்களும் நல்லவர்கள்தான், அவர்களுக்கும் மேலே யாரோ கேட்கிறார்கள். குழிகளில் தண்ணீர் நிற்கிறது, கொசு வரும், டெங்கி வரும் என்று பள்ளி நிர்வாகி தினமும் என்னிடம் வந்து சொல்வார். ஆரஞ்சு நிற வலை கட்டினோம். வலைக்குள் பந்து விழுந்தால் அதை எடுக்கப் பிள்ளைகள் போவார்கள், அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். இதற்கு நடுவில் வகுப்பு இருந்தது, வாய்மொழித் தேர்வுப் பயிற்சி இருந்தது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. நீ அன்று இலைமுன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அந்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஷி மின்னின் அப்பா திரு. லிம், ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். வேலை முடிந்து அப்படியே நீல நிற முழு உடுப்போடு பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் அறையில் அவர், நான், இன்னும் இரண்டு பேர். கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் கத்தவில்லை. மற்றவர்கள் பேசியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு என்னை மட்டும் பார்த்துப் பேசினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "டீச்சர், மண் வெட்டுற மாதிரி வேலையெல்லாம் நான் பார்க்கிறேன். அவ பார்க்கக் கூடாதுன்னுதான் ஸ்கூலுக்கு அனுப்புறேன்." அந்த அறையில் இயற்கை, பொறுப்பு, பண்புநலம் என்று எவ்வளவோ சொல்ல முடியும். தலைமையாசிரியர் அதில் கொஞ்சம் சொல்லவும் செய்தார்.  ஆனால் லிம் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்புமுன் அப்பா தன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் பிடித்துத் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவர் சட்டைக் காலரை நிதானமாகத் தேய்ப்பார். நான் அவர் பின்னால் நின்று, வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"விடு," என்றார்.

நான் மேலே ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு, பல்லைக் கடிச்சிக்கன்னு சொல்ல மாட்டீங்களா?"

"எதுக்கு? நீ இப்ப வீட்டுல பேசுறதே இல்ல. வேலை போனா போகட்டும். நீ பேசினாப் போதும்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருட வேலை, அதை ஒரு சட்டைக்கையைத் தேய்க்கிற நேரத்தில் விடு என்று சொல்லிவிட்டாரே என்று. ஆனால் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை. அந்த மாதத்தில் நான் அப்படித் தூங்கியது அன்றுதான். எழுந்தபோது நாளைக்குப் பள்ளிக்குப் போகலாம் என்று தோன்றியது. கடமை, தியாகம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை, தம்பி. எப்போது வேண்டுமானாலும் விடலாம் என்று தெரிந்த பிறகு இன்னும் ஒரு வாரம் போய்ப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை. அவ்வளவுதான். நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலும் இவ்வளவுதான்.

அதனால் அப்பா அன்று எழுந்து போனதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவருக்கு இப்போதெல்லாம் கண் சீக்கிரம் கலங்கிவிடுகிறது. அதை உன் முன்னால் காட்ட அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? உன் பழைய அறையில் கட்டில்மேல் நாங்கள் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஹாலுக்கு இழுத்து வந்தார். இடுப்பு வலிக்கும், விடுங்கள் என்றேன். கேட்கவில்லை. பெட்டிகள் இன்னும் ஹாலில்தான் இருக்கின்றன. நான் தினமும் அவற்றில் இடித்துக்கொள்கிறேன். உன் கட்டில் காலியாக இருக்கிறது.

மறு வாரம் ஒரு நாள் பள்ளி முடிந்ததும் ஷி மின் வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். ஏதாவது பேசி அது வேறு மாதிரி ஆகிவிடும் என்றார்கள். பூன் லேயில் நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அவர்கள் அடுக்குமாடி புளோக். ஒரு பிஸ்கட் டின்னை வாங்கிக்கொண்டு போனேன். அவள் அம்மா கதவைத் திறந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குச் சீனம் வராது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். திரு. லிம் இரவு வேலை முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஷி மின் கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "டீச்சர், எங்க குரூப் மரத்தை யாரு நட்டாங்க?" என்று கேட்டாள்.

யாரும் நடவில்லை, கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். அதற்குத் தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியாது. மழை பெய்கிறது என்று சொன்னேன். கேன்டீனுக்குப் பின்னால் கூரை இருக்கிறதே, மழை எப்படிப் படும் என்று கேட்டாள். சின்னப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியும். மிச்சக் கன்றுகளை அந்த மாதக் கடைசியில் திருப்பி அனுப்பிவிட்டுக் குழிகளை மூடிவிடுவது என்று பள்ளியில் அதற்குள் முடிவாகியிருந்தது. அதையும் அவளிடம் சொன்னேன். அவள் தொலைக்காட்சியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

நான் எழுந்து செருப்பு மாட்டும்போது உள்ளறைக் கதவு திறந்தது. திரு. லிம் பனியனோடு வந்து நின்றார். எவ்வளவு நேரமாக விழித்திருந்தாரோ. எனக்கு வணக்கம் சொல்லவில்லை. "எத்தனை மரம் மிச்சம்?" என்றார். சொன்னேன். "தினமும் கேட்கிறா. ஆஸ்பத்திரியில வச்சே கேட்டா," என்று சலித்துக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு. நான் லிஃப்டுக்கு நடந்துவிட்டேன். அவருக்கு என்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே தலைமையாசிரியரைப் பார்க்க வந்தார். மிச்சத்தையும் நட்டுவிடுங்கள், நான் வந்து நிற்கிறேன் என்று சொன்னாராம். எதிர்த்துப் பேசியவரே வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்வது யாருக்கும் சுலபமாக இல்லை. நிறைய நிபந்தனைகளோடு சரி என்றார்கள். பெரிய கூட்டம் கூடாது. மண்வெட்டியைப் பெரியவர்கள் மட்டும்தான் தொட வேண்டும். பிள்ளைகள் வலைக்கு வெளியே நிற்க வேண்டும், கூப்பிட்டபோது மட்டும் வந்து கையால் மண் போடலாம். எல்லாம் நல்ல நிபந்தனைகள்தான். முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரே நிறச் சட்டைக்காரர்களில் ஒருவர் மட்டும் வந்தார். மண்வெட்டி வழுக்கிய அதே இளைஞர்.  அவர் நேராக திரு. லிம்மிடம் போய் நின்று, தான் யார் என்று சொன்னார். லிம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குழியிலிருந்த தண்ணீரை இறைக்க ஒரு வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். காலை முழுக்க இரண்டு பேரும் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குச் சேர்ந்தே போனார்கள்.  நான் வாங்கி வைத்திருந்த நல்ல மண் மூட்டைகளை இழுத்துக் கொடுத்தேன். களிமண்ணில் சறுக்கி ஒரு தடவை உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன் என்று அப்போது எனக்கே தெரிந்தது. ஷி மின் கட்டுப் போட்ட காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு கேன்டீன் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய குழுவின் மகிழங்கன்றைக் குழியில் இறக்கியதும் அவள் அப்பா அவளை நாற்காலியோடு தூக்கி வந்து ஓரத்தில் வைத்தார். அவள் குனிந்து இரண்டு கையாலும் மண் அள்ளிப் போட்டாள். போதும் என்று அவர் சொன்ன பிறகும் இன்னும் இரண்டு தடவை போட்டாள்.

முடிந்ததும் கேன்டீனில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் சாப்பிட்டோம். என் எதிரில் உட்கார்ந்திருந்த லிம் பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சர், நான் அன்னைக்கு சொன்னதை மாத்திக்கல. அவ இந்த மாதிரி வேலைக்குப் போகக் கூடாது," என்றார். போக மாட்டாள், நன்றாகப் படிக்கிறாள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மீதியைச் சாப்பிட்டார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குத் தேவையும் இருந்ததாகத் தெரியவில்லை. அன்றுதான் நான் சேற்றோடு வீட்டுக்கு வந்தது.

அந்த மரங்கள் என்ன ஆயின என்று நீ கேட்பாய். நட்டவற்றில் சில ஜூன் விடுமுறையில் வாடிச் செத்தன. விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது என்று எங்களில் யாருக்கும் முன்பே தோன்றவில்லை. உன் பள்ளியிலும் நடும் நாளைப் பற்றித்தான் எல்லோரும் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். ஜூனில் யார் ஊற்றுவது என்று நீ முதல் கூட்டத்திலேயே கேள். பதில் வராவிட்டால் நட வேண்டாம் என்று சொல். மிச்சமெல்லாம் நன்றாக வளர்ந்தன. நான் ஓய்வு பெறும்போது கூரை உயரத்துக்கு வந்திருந்தன. பிறகு உள்விளையாட்டு அரங்கு கட்ட இடம் வேண்டியிருந்தது. திடல் பக்க வரிசையை வெட்டினார்கள். ஷி மின்னின் மகிழமும் அதில் போயிற்று. சாலைப் பக்கத்து வேலியோரம் இருந்தவை மட்டும் நிற்கின்றன. அந்தச் செய்தியைச் சொன்ன பழைய தோழி நான் அழுவேன் என்று நினைத்திருப்பார் போல, என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. பிள்ளைகளுக்கு மழையில் விளையாட ஒரு கூரை வேண்டும்தானே என்றேன். களைப்பாக இருந்தது, உண்மைதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை வீணாகிவிட்டது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆசிரியர் வேலையில் நாம் செய்கிற எதுவும் நாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்காது. இருக்க வேண்டும் என்று நினைத்தால் நீ இந்த வேலையில் இருக்க முடியாது. இதை உன்னை இருக்கச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. இருந்தாலும் சரி, விட்டாலும் சரி, இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்.

இந்தச் செவ்வாய்க்கிழமை சர்க்கரைப் பரிசோதனைக்காகப் பாலிகிளினிக் போயிருந்தேன். என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். முடி முழுக்க நரைத்திருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். திரு. லிம். பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம், முதுகு போய்விட்டதாம். ஷி மின் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நகரத்தில் குளிர்சாதன அலுவலகம் ஒன்றில் வேலை என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் சுவரிலிருந்த எண் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ அந்த வேலையை விடணும்னு சொல்றா. தினமும் அழுதுட்டு வர்றா. வெயில் இல்ல, சேறு இல்ல, உட்கார்ந்து பார்க்கிற வேலை. அப்புறம் எதுக்கு அழணும்? எனக்குப் புரியல, டீச்சர். நான் அவகிட்ட என்ன சொல்றது?"

என்னிடம் கேட்கிறாரே என்று இருந்தது. இரண்டு நாளாக நான் உனக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். நான் பட்ட கஷ்டத்தைப் பார் என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கட்டும், தூங்கி எழுந்த பிறகு அவளே என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள் என்றேன். அது போதுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது, தம்பி.

அவர் எண் வந்துவிட்டது. நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். எழுந்து நின்று, "புளோக்குல சொன்னாங்க, உங்க மகன் டீச்சராத்தானே இருக்கார்? அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். ஆனால் அந்த மனிதரிடம் எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"களைச்சுப் போயிருக்கான். வீட்டுக்கு வரச் சொல்லப்போறேன்," என்றேன்.

வா, தம்பி.

அம்மா